ஆடுகளத்துப் பேச்சையும் அகராதியில் ஏற்றுங்கள்

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தாருக்கு,

வணக்கம். புதிதாக வரும் பொருள்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி நீங்கள் சொற்குவை என்ற இணையச் சொல்தொகுப்பில் சேர்த்துவருகிறீர்கள். நல்ல வேலை, நடக்கட்டும். நான் எழுதுவது பழைய சரக்கைப் பற்றி, அதாவது விளையாட்டில் பிறந்து ஊர்ப் பேச்சில் கலந்துவிட்ட சொலவடைகளைப் பற்றி.

தோற்ற கட்சி "அழுகுணி ஆட்டம்" ஆடுகிறது என்பார்கள். அதிகாரமில்லாத பதவியில் இருப்பவரை "ஒப்புக்குச் சப்பாணி" என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் குத்துமதிப்பாகப் புரிகின்றன. ஆனால் பின்னால் இருந்த ஆட்டம் தெரிவதில்லை.

"அவனுக்கு இன்னும் தாயமே விழல" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தால்தான் தாயம். அது விழாதவரை காய் கட்டத்துக்குள் இறங்காது, பன்னிரண்டு போட்டாலும் பயனில்லை. மற்றவர்களின் காய்கள் வெட்டுப்பட்டு, வெட்ட முடியாத கட்டமான மலையில் ஒதுங்கி, சுற்றி வந்து ஆட்டத்தை முடித்துப் பழமாகிக்கொண்டிருக்கும். இவர் மட்டும் கட்டையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அந்த எரிச்சல் தெரிந்தவருக்குத்தான் சொலவடையின் முழு ருசியும் கிடைக்கும். "துரதிர்ஷ்டசாலி" என்று ஒரு வரியில் பொருள் எழுதிவிட்டால் பாதி போய்விடும்.

ஆட்டத்துக்கு அணி சேர்க்க உத்தி பிரிப்பது இன்னும் அழகு. தலைவர்கள் இருவர் நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஆளோடு ஜோடி சேர்ந்து தள்ளிப்போய், காதோடு காதாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். தோளில் கைபோட்டபடி திரும்பி வந்து, "வானத்தை வில்லாய் வளைச்சவன் வேணுமா, மணலைக் கயிறாய்த் திரிச்சவன் வேணுமா?" என்று கேட்பார்கள். யார் எது என்று தெரியாமலே தலைவர் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு அணியும் சமமாக அமையும், கடைசிவரை யாரும் சீந்தாமல் ஒருவன் நிற்கவும் மாட்டான். (ஐபிஎல் ஏலத்தைவிட நாகரிகமான ஏற்பாடு என்பேன்.) இன்றைக்கு உத்தி என்றாலே தேர்தல் உத்திதான்.

சடுகுடுவில் எதிரணிப் பக்கம் போவதற்குப் பெயர் பாடிப் போவது. உண்மையிலேயே பாட்டுத்தான். "நான்தான்டா உங்கப்பன் நல்லமுத்துப் பேரன்" என்று மூச்சுவிடாமல் வம்பிழுத்துக்கொண்டே நுழைவார்கள், ஊருக்கு ஊர் பாட்டு மாறும். போட்டி விதிகளில் "கபடி" என்ற ஒற்றைச் சொல்தான் பாட்டு. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பிடித்து, 2014இல் ப்ரோ கபடியாகத் தொலைக்காட்சிக்கும் வந்தது ஆட்டம். பாடிப் போனவர் இப்போது ரெய்டு போகிறார். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகளை யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

இது உங்கள் வேலையா என்று நினைக்கலாம். 1974இல் உங்கள் திட்டத்தின் முதல் இயக்குநராக வந்த தேவநேயப் பாவாணர், அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1954இல், 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று தனி நூலே எழுதியவர். வீட்டுச் சொத்தைத்தான் நினைவூட்டுகிறேன்.

ஒரேயொரு இடத்தில் பாவாணரின் தனித்தமிழ் வழியை விட்டு விலகச் சொல்வேன். தெருக் கிரிக்கெட்டையும் சேருங்கள். அடிக்காமல் தடுத்துக்கொண்டே இருந்தால் "கட்டை போடுறான்", முழங்கையை மடக்கி எறிந்தால் "மாங்கா", அப்புறம் ஒருமுறை தரையில் பட்டு எழுந்த பந்தைப் பிடிக்கும் ஒன் பிட்ச் கேட்ச். இவற்றுக்கும் வயதாகிவிட்டது. ஆங்கிலம் கலந்திருக்கிறதே என்று வடிகட்டாதீர்கள், கெட்ட வார்த்தைப் பாட்டையும் திருத்தாதீர்கள். சப்பாணி என்பது நடக்க இயலாதவரை இழிவுபடுத்தும் சொல், புழக்கத்தில் இருந்து போனால் நல்லதுதான். பெரியவர்கள் ஆட்டத்தில் அழும் தம்பியைச் சேர்த்துக்கொண்டு, அவுட் ஆனாலும் கணக்கில் வைக்காத வழக்கத்தைச் சொல்லி, இந்தக் குறிப்போடு அகராதியில் மட்டும் இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும் ஆடிய பெண்களிடம். சடுகுடுவுக்காவது அணியும் கேமராவும் இருக்கின்றன. குழியில் நான்கு முத்து சேர்ந்ததும் "பசு!" என்று அள்ளியவர்களுக்கு எதுவும் இல்லை. ஊர்ப் பெயரோடு அவர்கள் குரலையும் பதிவு செய்யுங்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் என்பதால் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குத் தள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய ஆட்டக்காரன் ஒருவன்