பாப்பாவுக்கு, கரண்ட் வைப்பதைப் பற்றி

பாப்பா,

செவ்வாய்க்கிழமை போனில், "அப்பா, டாக்டர் ஈசிடி, அதான் தலையில கரண்ட் வைக்கிற வைத்தியம், கொடுக்கலாம்னு சொல்றார், நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்டாய். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் வாசிக்காதே. இந்த நிலைமையில் நாலு வரிக்கு மேல் மண்டையில் ஏறாது. மாப்பிள்ளையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கச் சொல்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கும் வைத்திருக்கிறார்கள். 1992-ல். உனக்கு அப்போது ஒன்றரை வயசு. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, தஞ்சாவூரில் தங்கி மருந்து சாப்பிடுகிறான் என்று பெரியப்பா ஊரில் சொல்லிவைத்தார், அந்தப் பொய் இன்றுவரை அப்படியே நிற்கிறது. தினம் ராத்திரி நான் போடுவது பிபி மாத்திரை இல்லை, லித்தியம், மனசு வியாதிக்கான மாத்திரை. மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போவதும் சர்க்கரை பார்க்க இல்லை. நான் வயலில் நிற்கும்போது உங்க அம்மா சொம்பும் கையுமாக வரப்பில் வந்து நின்று "தண்ணி குடிங்க" என்று உயிரை எடுப்பாளே, நீ கூடக் கேலி பண்ணுவாய், அது இந்த மாத்திரைக்காகத்தான். உடம்பில் தண்ணீர் வற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும்.

அந்த வருஷம் சம்பா நன்றாகத்தான் விளைந்தது. களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, எனக்கோ அது அத்தனையும் ஜப்தி ஆகிவிட்டது, மறுநாள் ஆள் வந்து அளந்துகொண்டு போய்விடுவார்கள், நாம் நாலு பேரும் தெருவில்தான் என்று தோன்றிவிட்டது. பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள், அதுவும் போலி என்றேன். சோறு வைத்தால், கடன்காரன் சோறு, வேண்டாம் என்பேனாம். திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தாள், எதற்கு என்று உனக்கே புரியும்.

போகாத கோயில் இல்லை. திருவிடைமருதூருக்குக் கூட்டிப்போய் ஒரு வாசல் வழியாக உள்ளே நுழைத்து வேறு வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள், பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தியைப் போல என்னைப் பிடித்ததும் வாசலிலேயே நின்றுவிடும் என்று. குணசீலத்தில் ஒரு மண்டலம். உச்சிக்காலத்தில் தீர்த்தத்தை முகத்தில் அடிப்பார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தண்ணீர் பட்ட ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பழையபடி.

அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். ஒரு தாளில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயக்க ஊசி கிடையாது. பெஞ்சில் வரிசையாக உட்காரவைப்பார்கள், உள்ளே போனவன் கட்டில் ஆடுகிற சத்தம் வெளியே கேட்கும். எனக்குக் கரண்ட் வைத்தது ஞாபகம் இல்லை, அந்த நொடியே நினைவு போய்விடும். ஞாபகம் இருப்பது அந்தப் பெஞ்சும், வாயில் திணித்த ரப்பரின் வாசனையும், கையைக் காலைப் பிடித்த நாலு பேரில் ஒருவன் போட்டிருந்த வெற்றிலையும்தான். எழுந்தால் முதுகு ஒடிந்த மாதிரி வலிக்கும். திரும்பி வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது, அந்த கேட்தான் உனக்குத் தெரியுமே, அங்கே நிற்கிற நேரத்துக்குள் "நாம எங்க போறோம்" என்று ஏழெட்டுத் தடவை கேட்டேன் என்று அம்மா சொல்வாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரியே பதில் சொன்னாளாம்.

ஐந்தாவது முறை முடிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசல் கடையில் டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்றேனாம். மாசக்கணக்கில் எதையும் நல்லது கெட்டது என்று சொல்லாத மனுஷன். அம்மா அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள். எட்டோடு நிறுத்தினார்கள். ஐப்பசியில் நான் களைக்கொட்டோடு வயலில் நின்றேன்.

இதனால் எனக்குப் போனதையும் சொல்கிறேன், ஒளிக்கக் கூடாது. வைத்தீஸ்வரன் கோயிலில் உனக்கு மொட்டை போட்ட போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதில் நீ என் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு அந்த நாள் இல்லை. நீ முதலில் நடந்ததும் இல்லை. அம்மா சொல்லிச் சொல்லி, அடுக்களையிலிருந்து நடைக்கு வந்தாய், நிலைப்படியைப் பிடித்தாய் என்று எனக்கே பார்த்த மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அது அவளுடைய ஞாபகம். நோய்க்கு முன்னால் ஐந்தாறு மாசம் துடைத்துவிட்டது. மேலத்தெருக்காரன் ஒருவன் எனக்கு நாலாயிரம் தரவேண்டியது, கொடுத்துவிட்டேன் என்று சாதித்தான், இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. அது போகட்டும். மொட்டை போட்ட நாள்தான் இன்னும் வலிக்கிறது.

நேற்று மாத்திரை எழுதித் தருகிற டாக்டரிடம் போய், முதல் தடவையாக வாய் திறந்து எல்லாம் கேட்டேன். இப்போது அப்படியில்லை என்கிறார். 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசையைத் தளர்த்துகிற மருந்தும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாதாம். ராத்திரியிலிருந்து வெறும் வயிறு, காலையில் ஊசி, தூங்கிவிடுவாய். அப்புறம்தான் கரண்ட், வலிப்பு ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். உடம்பு அசையாததால் வலிப்பு வந்ததா என்று வெளியே தெரியாது, அதற்காக ஒரு கணுக்காலில் பிபி பார்க்கிற பட்டையை இறுக்கிக் கட்டி அந்தப் பாதத்துக்கு மட்டும் தளர்த்துகிற மருந்து போகாமல் வைப்பார்களாம். அந்தக் கால் மட்டும் லேசாகத் துடிக்கும், மூளை அலையை மெஷினிலும் பார்ப்பார்கள். என் கட்டில் ஆடிய ஆட்டத்தை நினைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று வீதம், பெரும்பாலும் 6 முதல் 12 முறை. தலைவலி வரும், எழுந்ததும் குழப்பம் இருக்கும். மறதி இப்போதும் உண்டு. அதில் பெரும்பகுதி திரும்பிவிடும், சிலருக்குச் சில நாட்கள் திரும்புவதே இல்லை. நெற்றிப்பொட்டு இரண்டிலும் வைக்காமல் வலது பக்கம் மட்டும் வைத்தால் மறதி குறைவாம், உன் டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேள். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன், முழுசாக யாருக்கும் தெரியாது என்று சிரித்தார். 1938-லிருந்து செய்கிறார்கள், இன்னும் தெரியவில்லை.

இதோடு வியாதி போய்விட்டது என்றும் இல்லை. அப்புறம் மாத்திரையை விட்டால் ஆறு மாசத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்பிவிடுகிறது. நானே நீ அஞ்சாவது படிக்கும்போது நிறுத்திப் பார்த்தேன். "அப்பா ஏன் பேச மாட்டேங்கிறார்" என்று நீ அழுதாயே, அந்த வருஷம்தான்.

இனி நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டாயே. உன் கையெழுத்தை நான் போட மாட்டேன், மாப்பிள்ளையும் போடக் கூடாது, அவரிடம் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்காமல் செய்தது எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக ஆறவில்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும், அன்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், சொல்லியிருந்தால் உனக்கு எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இது இரண்டும் உண்மை, எப்படிச் சேர்த்துவைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். "எதுவும் எனக்குப் பிரயோஜனப்படாது" என்று மனசு சொன்னால், சொல்வது நீயா, நெல்லெல்லாம் ஜப்தி என்று என்னிடம் சொன்னதே அதுவா என்று பார். மறதிக்குப் பயந்து வேண்டாம் என்றால் அது சரியான காரணம், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். பாதியில் நிறுத்தச் சொல்லவும் உனக்கு உரிமை உண்டு.

சரி என்றால் முதலில் ஒரு நோட்டு வாங்கு. குட்டி இப்போது என்னென்ன வார்த்தை பேசுகிறான், எதற்குச் சிரிக்கிறான், தினம் நாலு வரி எழுது, முடியாவிட்டால் மாப்பிள்ளை எழுதட்டும். போன் பாஸ்வேர்டு, பேங்க் பின் எல்லாம் அவரிடம் இருக்கட்டும். அது முடிகிற வரை வண்டி எடுக்காதே, வேலையை விடுகிறேன் என்று மெயிலும் போடாதே. நகத்துச் சாயத்தை அழித்துவிடு, விரலில் மாட்டுகிற கிளிப் அளவு காட்டாதாம்.

சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது என்று நீ திணறுவாய் என்று தெரியும். என் கதையைச் சொல்லிவிடு. மஞ்சள் காமாலை போதும்.

மேட்டூர் தண்ணீர் நம்ம வாய்க்காலுக்கு வந்துவிட்டது, நாற்றங்காலைப் பெரியப்பா மகன் பார்த்துக்கொள்வான். வெள்ளிக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூரிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன். திரும்பி வர இன்னும் போடவில்லை. நீ வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வருவோம், அதைப் பார்த்து முடிவு செய்யாதே. மொட்டை போட்ட போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பையில் வைத்தாயிற்று. அம்மா வற்றல் காயவைத்தது இன்னும் ஈரமாக இருக்கிறது என்று புலம்புகிறாள்.

அப்பா