கேமராவைப் பைக்குள் பூட்டி வைக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. சின்னவன் போன வாரம் வந்துவிட்டுப் போனான். வேறு விசேஷம் இல்லை.

போனில் நீ "ம்", "சரிப்பா", "பார்க்கலாம்ப்பா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நான் சொல்லி முடிக்கும்வரை "வேலை இருக்குப்பா, அப்புறம் பேசுறேன்" என்று நீ வைத்துவிட முடியாது.

முதலில் ஒன்று கேட்கிறேன். கேமராவை எங்கே வைத்திருக்கிறாய்? பையில் போட்டு ஜிப்பை இழுத்து அலமாரியின் அடித்தட்டில் தள்ளியிருந்தால் இன்றைக்கே வெளியே எடு. இருட்டும் ஈரமும் காற்றில்லாத இடமும் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். ஓரத்தில் ஒரு நூலிழை மாதிரிதான் முதலில் தெரியும். பிறகு கிளை கிளையாக உள்ளே ஓடும். அதிலிருந்து சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. வாரத்தில் ஒரு நாளாவது வெளிச்சம் படும்படி வை. கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனால் இன்னும் நல்லது.

நீ ஞாயிறுதோறும் படம் எடுக்கப் போகும் குழுவிலிருந்து விலகிவிட்டதைச் சின்னவன்தான் சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தேன், நீ வீட்டில் இருந்தாய். அடுத்த ஞாயிறும் இருந்தாய். அதற்கு அடுத்த ஞாயிறும். நாலு வருஷமாக ஞாயிறு விடியும் நேரத்தில் நீ வீட்டில் இருந்ததே கிடையாது. உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் அவனைக் கேட்டேன்.

அவன் சொன்னது இதுதான். அந்த மாதத்துக்கு முதல் படம் என்று குழுவில் தேர்ந்தெடுத்த படத்தில் வானம் ஒட்டுவானம், வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டியது. மேகத்தின் வலது ஓரம் பளபளக்கிறது, கீழே நடந்து போகிறவர்களின் நிழலும் வலது பக்கமே விழுகிறது. சூரியன் எந்தப் பக்கம் நின்றது என்று எல்லார் முன்னாலும் நீ கேட்டிருக்கிறாய். "டிஜிட்டலில் எல்லாமே எடிட்டிங்தான், நீ மட்டும் ரா ஃபைலைத் திருத்தாமலா போடுகிறாய்" என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அன்று இரவே நீ விலகிவிட்டாய்.

கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிழலைப் பார்த்துப் பிடித்தாளே என் பெண் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் பாப்பா, அந்தப் படத்தை எடுத்தவர் யார்? உன் கால் சுளுக்கியபோது உன் ட்ரைபாடையும் சேர்த்துச் சுமந்து வந்தவர். நீ காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியவர். நீதான் எங்களிடம் சொன்னாய். அந்த ஊரில் உனக்கென்று இருப்பவர்கள் அவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சபையில் வைத்துக் கேட்டால் எவரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்.

நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. ரா ஃபைலைத் திருத்துவதும் வானத்தை மாற்றுவதும் ஒன்று என்கிறவர்கள், வாயடைக்க அதைச் சொல்கிறார்கள். ரா ஃபைல் என்பது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பது, கழுவாத நெகடிவ் மாதிரி. யாராவது அதைப் படமாக்கித்தான் ஆக வேண்டும். நீ செய்யாவிட்டால் கேமராவே கான்ட்ராஸ்ட் கூட்டி, நிறம் கூட்டி, கூர்மை ஏற்றி ஜேபெக் என்ற முடிந்த படமாக்கிக் கொடுத்துவிடும். அங்கேயும் திருத்தம் நடக்கிறது, செய்வது கேமரா என்பதுதான் வித்தியாசம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1ஆம் தேதி நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நிலவு எழும்போது எடுத்தாரே, அந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்று மனசில் இருந்த கணக்கை வைத்து எக்ஸ்போஷர் போட்டார். இரண்டாவது தடவை எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகடிவை வைத்துக்கொண்டு பல வருஷம் பிரிண்ட் போட்டார், போகப் போக வானத்தைக் கறுக்க வைத்துக்கொண்டே வந்தார். முதலில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இரவு போலத் தெரியும். ஆனால் நிலவு அங்கே இருந்தது, சிலுவைமேல் வெயில் இருந்தது. இல்லாத ஒன்றை அவர் கொண்டுவந்து வைக்கவில்லை.

1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகையின் நெட்டுவாக்கு அட்டையில் அடங்குவதற்காக, கிடைவாக்கில் எடுத்த படத்தில் எகிப்தின் கிசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். 2003இல் ஈராக்கில் சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்கி அனுப்பிய செய்திப் புகைப்படக்காரருக்கு வேலை போயிற்று. செய்திப் படத்தில் கோடு எங்கே என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. பொழுதுபோக்காக எடுக்கிறவர்கள் மத்தியில்தான் அது குழம்பிக் கிடக்கிறது. ஒட்டியது என்று சொல்லிவிட்டு ஒட்டினால் அது ஒரு கலை. அதைக் கேட்டு யாரும் கோபப்பட வேண்டியதில்லை, நீயும் கோபப்படக் கூடாது. சொல்லாமல் ஒட்டி முதல் பரிசையும் வாங்கிக்கொள்வது…

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னவன் இன்னொன்றும் சொன்னான். அவர்களிடம் நீ என் படத்தைச் சொன்னாயாமே. "எங்கப்பா ஒரு மேகத்துக்காக நாலு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஒரு பட்டனைத் தட்டுகிறீர்கள்" என்று. 2020இல் ஃபோட்டோஷாப்பில் வானம் மாற்றும் வசதி வந்தபோதும் என்னிடம் அதையேதான் சொன்னாய். நானும் ஆமாம் போட்டேன்.

கூடத்தில் மாட்டியிருக்கும் படம். ஐந்து வயதில் நாற்காலி போட்டு ஏறி நீ விரலால் தொட்டுப் பார்த்த மேகம். அந்தக் கண்ணாடியில் உன் விரல் தடத்தைத் துடைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த மேகம் அன்றைய மேகம் இல்லை, பாப்பா.

நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது நிஜம். மேகம் வரவில்லை. வானம் வெறுமையாகக் கிடந்தது. நெகடிவைக் கழுவிப் பார்த்தால் கரையும் ஒற்றை மரமும் அப்படி அமைந்திருந்தன, மேலே மட்டும் ஒன்றுமில்லை. பிரிண்டில் அந்த இடம் மொட்டை வெள்ளையாக வந்தது. அதற்குச் சில மாதம் முன்பு மொட்டைமாடியில் எடுத்த ஒரு மேக நெகடிவ் என்னிடம் இருந்தது. ராத்திரி முழுக்க டார்க் ரூமில் இருந்தேன். முதலில் கரை நெகடிவை, படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரில் போட்டு, வானம் வரும் இடத்தை அட்டையால் மறைத்தேன். பிறகு அதே பேப்பரில் மேக நெகடிவைப் போட்டுக் கீழ்ப்பகுதியை மறைத்தேன். வெட்டு தெரியாமலிருக்க அட்டையை லேசாக அசைத்துக்கொண்டே இருந்தேன். மரம் கறுப்பாக இருந்ததால் அதன்மேல் மேகம் விழுந்ததும் தெரியவில்லை. அரைப் பெட்டி பேப்பர் வீணாயிற்று. விடியும்போது டெவலப்பருக்குள் அந்தப் படம் எழுந்து வந்ததே, அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் பொய் என்று சொல்ல முடியாது.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. கண்ணாடி நெகடிவ் காலத்து ரசாயனம் நீலத்தை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும், வானம் வெளுத்துவிடும். அதனால் 1850களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று சேர்த்துப் பிரிண்ட் போட்டார். இங்கிலாந்தில் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் 1857இல் ஏறக்குறைய முப்பது நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். வருஷக்கணக்காக இந்தப் பெயர்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ரெய்லாண்டர் அதை எப்படிச் செய்தேன் என்று மறு வருஷமே லண்டன் புகைப்படச் சங்கத்தில் எழுந்து நின்று வாசித்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்தை நான் அனுப்பிய போட்டியின் விதியில் ஒரே நெகடிவ் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் புகைப்படச் சங்கத்தில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். நான் பிலிம் சுருட்டக் கற்றுக்கொண்டதே அவனிடம். அந்தப் போட்டியில் முதலாவது என் படம், இரண்டாவதாக வந்தது அவன் படம். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். சங்கத்தில் வைத்துக் கேட்கவில்லை, வாசலில் என்னை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்டான். "மேகத்துக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, மரத்தின் நிழலும் இடப்பக்கமே விழுகிறதே, எப்படிடா?" என்றான். குரலில் கோபமே இல்லை. நான், உனக்குப் பொறாமை என்றேன்.

அவன் அதற்குப் பிறகு சங்கத்தில் எழுந்து சொன்னான். யாரும் நம்பவில்லை. இரண்டாவது வந்தவன் பேசுகிற பேச்சு என்றார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் முதல் அவன் வரவில்லை. அவன் இல்லாமல் கூட்டம் நிம்மதியாக நடந்தது என்று நானும் சொன்னேன்.

நிழலைப் பார், பொய் அங்கேதான் முதலில் தெரியும் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தேனே, அது அவன் எனக்குக் காட்டியது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்று உனக்கு மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும். என்னை ஒருவன் தனியாகத்தான் கேட்டான்.

பல வருஷம் கழித்து ஒரு வேலையாக அவன் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. நல்லபடியாகத்தான் பேசினான். அலமாரியிலிருந்து அவனுடைய கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தான். தோல் உறை பூத்துப் போயிருந்தது. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், சிலந்தி வலை மாதிரி ஓரத்திலிருந்து நடு வரைக்கும் பூஞ்சை. "அன்றைக்கு உள்ளே வைத்ததுதான்" என்றான். என்னைவிட நன்றாக எடுத்தவன், பாப்பா. எங்கள் எல்லாரையும்விட. நான் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

உன்னைத் திரும்பக் குழுவில் சேர் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அது உன் இஷ்டம். நீ வேண்டுமானால் அவர்களிடம் என் படத்தைப் பற்றிய உண்மையைச் சொல். சொல்லாமல் விட்டாலும் சரி. ஆனால் இனி எங்கேயும் அந்த மேகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. அந்த ட்ரைபாட் தூக்கியவர் நல்லவராகத்தான் இருப்பார், நானும் கெட்டவனாக இருந்து அதைச் செய்யவில்லை. அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. உன் பெயரை யாராவது சொன்னால் பேச்சை மாற்றிக்கொண்டிருப்பார்.

இரண்டு நெகடிவையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தைப் பிடித்து எடு, விரல் படாமல். கரை நெகடிவை விளக்குக்கு எதிரே பிடித்தால் மேலே ஒரே கறுப்பாகத் தெரியும், அதுதான் அன்றைய வானம். உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து சொல்லப்போகிறேன். நண்பனுக்கும் எழுத வேண்டும். விலாசம் இருக்கிறது, இரண்டு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். கூடத்துப் படத்தைக் கழற்றவா, அப்படியே இருக்கட்டுமா என்று நீ சொல்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலு அனுப்பியிருக்கிறேன். கேமராப் பையில் இரண்டு, லென்ஸ் பெட்டியில் இரண்டு. நீலம் மாறி இளஞ்சிவப்பானால் ஈரம் வாங்கிவிட்டது என்று அர்த்தம், சூடுகாட்டிக் காயவைத்துத் திரும்பப் போடு. பொட்டலம் போட்டாயிற்றே என்று மூடி வைத்துவிடாதே. வெளிச்சம் பட வேண்டும்.

வரும் ஞாயிறு விடியற்காலையில் போன் செய்வேன். நீ எடுக்காவிட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
அப்பா