கடைசிப் பந்தியிலிருந்து ஒரு மடல்

சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையார் அனைவருக்கும் தோத்திரம்.

சென்ற ஆண்டு, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு முந்தின இரவு பெண்கள் காய் வெட்ட உட்கார்ந்தபோது நானும் போய் உட்கார்ந்தேன். கத்தரிக்காய் என் பங்குக்கு வந்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கியிருப்பதால் என் கத்தியின் பிடியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். அதை வைத்தே ஓர் ஓலைப்பெட்டி நிறைய வெட்டிவிட்டேன். அப்போது ஒருவர் வந்து, "அக்கா, நீங்கள் போய் ஓய்வெடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அன்பான குரல்தான். மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அதே ஓலைப்பெட்டி சுவரோரம் கிடந்தது. கறுத்துப்போன என் கத்தரிக்காயை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது.

தெரியாதவர் யாரும் சபையில் இல்லை, ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறேன். எனக்குத் தொழுநோய் இருந்தது. பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து சாப்பிட்டுக் குணமானேன். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. அந்த மருந்துகளில் ஒன்று தோலைக் கறுக்கவைக்கும். நான் குணமாகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் "முற்றிவிட்டதாம்" என்று ஊர் பேசியது. கறுப்பு பிறகு மெல்ல மறைந்தது. விரல்கள் நிமிரவில்லை. இப்படிப்பட்ட கைகளுக்கு வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலேயே அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் விரல் போகிறது என்று காட்டியவரும் அவர்தான். ஆக, அந்த இரவில் கத்தியால் ஆபத்து இருந்தது எனக்குத்தான், குழம்புக்கு அல்ல.

எனக்காக உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். அதை மறக்கமாட்டேன். ஆனால் கேட்டது கிடைத்த பிறகு என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை. லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குஷ்டரோகம் குணமானவனைப் பார்க்க ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போகிறான். இரண்டு குருவிகள், கேதுருக் கட்டை, ஈசோப்புச் செடி எல்லாம் வேண்டும். எட்டாம் நாளில் அவனுடைய வலது காதிலும், வலக்கைப் பெருவிரலிலும், வலக்காலின் பெருவிரலிலும் இரத்தத்தையும் எண்ணெயையும் பூசுகிறான். ஒரு மனிதனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள எத்தனை பாடு! நம் சேகரத்தில் யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை, ஆகவே உள்ளே அழைக்கவும் முறை ஏதும் இல்லை. ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்குக் கடைசிப் பந்தியில் வரச்சொல்லும் ஒரு கண்ஜாடை மட்டும் இருக்கிறது.

முதல் ஆண்டு அந்தக் கடைசிப் பந்தி எனக்கும் வசதியாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு, எல்லாரும் எழுந்து போன பிறகு முழங்காலிடுவேன். என் உடம்பு குணமானதை நானே நம்ப அவ்வளவு காலம் ஆயிற்று. அதனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை.

பெத்தானியாவில் ஆண்டவர் பந்தியிருந்த வீட்டுக்காரர் பெயர் நினைவிருக்கிறதா? "குஷ்டரோகியாயிருந்த சீமோன்." வீட்டில் விருந்து நடந்திருக்கிறது என்றால் அவர் சுகமானவராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஊர் வைத்த பெயர் உதிரவில்லை. நம் தமிழ் வேதாகமமாவது "ஆயிருந்த" என்று எழுதி அவருக்கு இறந்தகாலம் கொடுத்திருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

"சபையார் மனம் மாற நாளாகும்" என்று கமிட்டியில் சொன்னீர்களாம். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், 2001இல் செய்த திருத்தத்தால், தொழுநோயைக் காரணம் காட்டித் துணையைத் தள்ளிவிட வழி வந்தது. நாடாளுமன்றம் 2019இல்தான் அதை நீக்கியது. சட்டம் மாறுவதற்கே அவ்வளவு காலம் ஆயிற்றே என்று நீங்கள் சொல்லலாம். என் வயதில் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது ஐயா.

இந்த ஆண்டும் அசனத்துக்கு முந்தின இரவு வருவேன். துணி சுற்றிய என் கத்தியைக் கொண்டுவருகிறேன். நான் வெட்டும் காயை எந்த அண்டாவில் போடுவது என்பதை மட்டும் முன்கூட்டியே கமிட்டியில் பேசி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் சகோதரி