ஃப்ரீசர்ல இடம் கொடுத்த பொண்ணுக்கும் மத்த எல்லாருக்கும் நன்றி

ரேகன்ஸ்பர்க் சொந்தங்களே, வெள்ளத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, நீங்களும் அதே சேத்துலதான் நின்னீங்க. மணல் மூட்டை தூக்குன தீயணைப்பு தன்னார்வலர்கள், பம்பு கொண்டாந்தவங்க, சூப்பும் ரொட்டியும் கொடுத்த தெருக்காரங்க, தன்னோட அக்கார்டியனையே கையில கொடுத்து "வாசிக்காம இருக்காத"ன்னு சொன்ன பழைய பேண்டு நண்பர், எல்லாருக்கும் மனசார நன்றி.

ஆனா பக்கத்து வீட்டு பொண்ணப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும்.

என் ஹோனர் கம்பெனி அக்கார்டியன் பெட்டி போச்சு, துருத்தியோட அட்டை ஊறி கூழாயிடுச்சு, ரீடு பூரா துரு. சின்ன வயசுலேர்ந்து தோள்ல மாட்டுனது, வலிக்கத்தான் செய்யுது. இருந்தாலும் பெட்டி இன்னொண்ணு வாங்கிக்கலாம், அப்பாவோட நோட்டுகள எங்க போய் வாங்குறது? தெற்கு ஜெர்மனியில நம்ம பவேரியாவோட நாட்டுப்புற நடனமான ஸ்வீஃபாஹர் ஆடுறவங்களுக்குத் தெரியும், ரெண்டு தாளமும் மூணு தாளமும் மாறி மாறி வரும், எப்ப மாறும்னு பொதுவான கணக்கே கிடையாது, ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு கணக்கு, அதே மெட்டு அடுத்த ஊர்ல வேற மாதிரி இருக்கும். அப்பா நம்ம ஓபர்ஃபால்ஸ் வட்டாரத்துல கல்யாணத்துக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வாசிக்கப் போன இடத்துல கேட்டதயெல்லாம் எழுதி, மூணு தாள வால்ட்ஸ் அடி எங்க, ரெண்டு தாளத்துல சுத்துற அடி எங்கன்னு ஓரத்துல குறி போட்டு வச்சிருந்தார்.

அதெல்லாம் குப்பை கன்டெய்னர் பக்கத்துல சேறும் தண்ணியுமா கிடந்துச்சு. இன்னும் ஸ்கூல் கூட முடிக்காத பொண்ணு, ஒண்ணத் தூக்கிப் பாத்துட்டு "பிரிக்காதீங்க தாத்தா, வெயில்லயும் வைக்காதீங்க"ன்னு சொல்லி, ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் பையில போட்டு, அவங்க மாடி ஃப்ரீசர்ல இருந்த கறி, ஐஸ்கிரீம் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு உள்ள அடுக்கிட்டா. ஈரக் காகிதம் உறைஞ்சிட்டா பூஞ்சை பிடிக்காதாம், 2009ல கொலோன் நகர ஆவணக் காப்பகம் இடிஞ்சு விழுந்தப்போ நனைஞ்சதயெல்லாம் இப்படி உறைய வச்சுதான் காப்பாத்துனாங்கன்னு படிச்சிருக்கா. அவங்க அம்மா ஒரு வார்த்தை சொல்லல, எடுத்த கறிய அன்னைக்கே சமைச்சு தெருவுக்கே போட்டாங்க.

அப்புறம் ஃப்ரீஸ் ட்ரை பண்றவங்ககிட்ட அனுப்பினோம், ஐஸ் தண்ணியாகாமலே ஆவியாப் போயிடுமாம். நேத்து திரும்பி வந்துச்சு. பக்கமெல்லாம் நெளிஞ்சிருக்கு, சேத்து வாசனை போகல, பேனா மையில எழுதுன தலைப்பு பூரா பரவிடுச்சு, ஆனா மெட்டும் குறியும் பென்சில்ல எழுதுனது, ஒண்ணு கூட அழியல. ராத்திரி பூரா உக்காந்து ஒண்ணொண்ணா வாசிச்சேன், அழுதுகிட்டே வாசிச்சேன்.

இனிமே இந்த நோட்டு என் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்ல. யாரு வேணாலும் வந்து போட்டோ எடுத்துக்கோங்க, விரல் ஓடுற வரைக்கும் வர்ற பசங்களுக்கெல்லாம் காசு வாங்காம சொல்லித் தருவேன். பேர் அழிஞ்ச மெட்டுகள அடையாளம் தெரிஞ்ச பெரியவங்க ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போங்க. அதுல ஒண்ணு மட்டும் யாருக்கும் தெரியாதுன்னு எனக்கே தெரியும், ஒரு சின்ன பண்ணையில அப்பா கேட்டது. கண்ணு, அதுக்கு உன் பேர வைக்கலாம்னு இருக்கேன், உன்கிட்டயும் அம்மாகிட்டயும் கேக்க நாளைக்கு சாயங்காலம் வர்றேன்.