பழைய வைரஸ்கள் வெறும் வேடிக்கை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கணினி வைரஸ்கள் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இன்றைய இணையத் திருட்டுகளை விளக்கிய பகுதி பயனுள்ளது. ஆனால் இணையத்துக்கு முந்தைய வைரஸ்களைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் ஒதுக்கிவிட்டார். திரையில் எழுத்துகளை உதிரவைத்து வேடிக்கை காட்டியதோடு அவற்றின் வேலை முடிந்தது என்கிறார். தொண்ணூறுகளில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் கணினிப் பிரிவில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

எழுத்துகளை உதிர்த்தது கேஸ்கேட் என்னும் வைரஸ். தட்டச்சு செய்த கடிதத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று திரையின் அடியில் குவியும். மாணவிகள் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அதே காலத்தில் அதே பிளாப்பிகளில், அதாவது கணினியில் செருகி எடுக்கும் காந்த வட்டுகளில், வந்த மற்றவை அப்படிச் சிரிக்க விடவில்லை.

ஜெருசலேம் வைரஸையே எடுத்துக்கொள்வோம். 1987-இல் அந்த நகரத்து ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. காம், எக்ஸி என்று முடியும் புரோகிராம் கோப்புகளில் ஒட்டிக்கொள்ளும். கடிதம் தட்டச்சு செய்ய நாங்கள் பயன்படுத்திய வேர்ட்ஸ்டார் புரோகிராமில் தொற்றியிருந்தால், அதைத் திறந்ததும், முதலில் வைரஸ் நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அதன் பிறகே வேர்ட்ஸ்டாரை ஓடவிடும். நமக்கோ எல்லாம் வழக்கம்போலத்தான் தெரியும். அதற்குப் பின் அந்தக் கணினியில் எந்தப் புரோகிராமை அழைத்தாலும் அதற்கும் தொற்றிவிடும். எங்கள் கணினிகளில் ஹார்டு டிஸ்க் கிடையாது. புரோகிராம் பிளாப்பிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். மாலையில் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் எங்களிடம் பயன்படுத்திய பிளாப்பி மறுநாள் காலை மஞ்சக்குப்பத்தில் இருக்கும், வாரக் கடைசியில் புதுச்சேரிக்குப் போயிருக்கும். கடலூருக்கு இணையம் வந்து சேருமுன்பே வைரஸ் பஸ் ஏறி வந்துவிட்டது.

அதை எழுதியவரின் கணக்கில் ஒரு பிழையும் இருந்தது. எக்ஸி கோப்பு ஏற்கெனவே தொற்றியதா என்று அதற்குச் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இன்னொரு 1808 பைட் ஒட்டும். 360 கிலோபைட் பிளாப்பியில் அப்படிப் பருத்துக்கொண்டே போனால் ஒருநாள் இடமே இருக்காது. போதாததற்கு, நினைவகத்தில் ஏறி அரை மணி நேரம் ஆனதும் கணினி மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கிவிடும். மின்சாரம் சரியில்லை என்றுதான் எங்கள் பயிலகத்தில் வெகுநாள் நம்பினார்கள்.

13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் அது அழிக்கத் தொடங்கும். 1993 ஆகஸ்ட் 13 அப்படிப்பட்ட நாள். நமக்கு அது ஆடிக் கடைசி வெள்ளி, கோயிலுக்குப் போனவர்கள் போக வகுப்பில் சிலரே இருந்தார்கள். ஒரு மாணவி வேர்ட்ஸ்டாரைத் திறந்து மூடினாள். மறுபடி அழைத்தபோது அப்படியொரு கோப்பே இல்லை என்றது கணினி. பயிலகத்தை நடத்திய மாஸ்டர் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கணக்கு அட்டவணை போடும் லோட்டஸை அழைத்தார், போயிற்று. வேறு பிளாப்பியைச் செருகி, விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிபேஸை அழைத்தார், அதுவும் போயிற்று. அன்றைக்கு ஓட்டப்படும் புரோகிராமை அழிப்பதுதான் அந்த வைரஸின் வேலை. எந்தப் புரோகிராம் மிச்சம் என்று சோதித்துப் பார்ப்பதே அந்த மிச்சத்தையும் ஒழித்துக்கட்டும் வழியாக இருந்தது. ஓரத்து வெட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத முடியாதபடி பீரோவில் வைத்திருந்த மூலப் பிளாப்பிகள் மட்டும் பிழைத்தன.

விவரம் தெரிந்த அலுவலகங்களில் அந்த நாள் வருமுன் கணினியின் தேதியை 14 என்று மாற்றிவிடுவார்கள். வைரஸ் ஏமாந்துபோகும். வெள்ளிக்கிழமை போட்ட பில்களில் சனிக்கிழமை தேதி விழுந்ததற்குக் கணக்குப்பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் ஜெருசலேமை நான் நேர்மையான திருடன் என்பேன். புரோகிராமை அழித்தது, மூலப் பிளாப்பியிலிருந்து திரும்ப நகலெடுத்துக்கொண்டோம். குலையையே அறுத்தது 1989-இல் பல்கேரியாவின் சோபியா நகரில் கிளம்பிய டார்க் அவெஞ்சர் என்னும் வைரஸ். புரோகிராமை ஓட்ட வேண்டும் என்பதில்லை, நகலெடுக்கத் திறந்தாலே தொற்றிக்கொள்ளும். தொற்றிய புரோகிராம் 16 முறை ஓடினால் ஒருமுறை, வட்டில் எங்கோ ஓர் இடத்தின்மேல் குப்பையை எழுதிவிடும். திரையில் ஒரு அறிகுறியும் தெரியாது. அந்த இடத்தில் இருந்தது யாருடைய கணக்கோ, யாருடைய கடிதமோ.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவரின் பேரேட்டை டிபேஸில் ஏற்றியிருந்தார்கள். ஒருநாள் பாக்கித் தொகை இருக்க வேண்டிய கட்டத்தில் சிரித்த முகமும் இதயமும் கட்டம் கட்டமான கோடுகளும் நின்றன. முந்தைய வாரத்து நகலை எடுத்தால் அதிலும் அதே. அதற்கு முந்தையதிலும் அதே. கெட்டுப்போன கணக்கைத்தான் வாரந்தோறும் பத்திரமாக நகலெடுத்து வைத்திருந்தார்கள். வட்டைச் சோதித்தபோது டார்க் அவெஞ்சர் அகப்பட்டது. காகிதப் பேரேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அவருடைய மாமனார் அன்று முதல் அந்த வீட்டில் பெரிய மனிதர் ஆனார்.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் வந்ததும் தொல்லை தீர்ந்தது என்று கட்டுரையில் வந்த வரியும் சரியல்ல. டார்க் அவெஞ்சர் நினைவகத்தில் இருக்கும்போது, அதை அடையாளம் தெரியாத சோதனைப் புரோகிராம் ஒன்றை ஓட்டினால் என்ன ஆகும்? அது சோதிப்பதற்காகத் திறக்கும் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் வைரஸ் ஏறிக்கொள்ளும். கணினியை முழுவதும் அணைத்து, சுத்தமான பிளாப்பியிலிருந்து தொடங்கி, பிறகு சோதிக்க வேண்டும் என்று நாங்கள் மாணவர்களுக்கு அடித்துச் சொன்னது இதனால்தான்.

1999 ஏப்ரல் 26-இல் வெடித்த சிஐஎச் என்னும் வைரஸ், கட்டுரையில் இடம்பெறவே இல்லை. தைவான் மாணவர் ஒருவர் எழுதியது. விண்டோஸ் 95, 98 புரோகிராம்களுக்குள் காலியாகக் கிடக்கும் இடுக்குகளில் தன்னைத் துண்டு துண்டாக நுழைத்துக்கொண்டதால் கோப்பின் அளவு ஒரு பைட்கூட ஏறாது. அளவைப் பார்த்துக் கண்டுபிடித்துப் பழகிய எங்களைப் போன்றவர்களின் வித்தை அதனிடம் பலிக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில கணினிகளில், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சிப்பையும் கெடுத்தது. அப்படிக் கெட்ட கணினியைப் போட்டால் விசிறி மட்டும் சுற்றும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். பரணில் பழைய பிளாப்பிகளை வைத்திருப்பவர்களுக்காக அதில் சில வரிகள் சேர்த்தால் நல்லது. 64 பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துப் புரோகிராம்கள் ஓடா என்றாலும், பழைய கணினியைத் தூசு தட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடிதங்களையும் கணக்குகளையும் மட்டும் நகலெடுங்கள், அதிலிருக்கும் புரோகிராம் எதையும் ஓட்ட வேண்டாம். செருகுமுன் பிளாப்பியில் எழுத முடியாதபடி செய்துகொள்ளுங்கள். ஐந்தேகால் அங்குலப் பிளாப்பியில் ஓரத்து வெட்டை மூட வேண்டும், மூன்றரை அங்குலத்தில் மூலைத் துளையைத் திறந்துவிட வேண்டும். இரண்டும் நேரெதிர், மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்