தட்டில் மடிந்தது வாயிலும் மடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொய்யா, வேம்பு, வெற்றிலை ஆகியவற்றின் இலைச்சாறு பற்சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொல்வதாகத் தங்கள் நாளிதழில் செய்தி வந்த பிறகு, தாராவியில் எங்கள் சந்திலேயே இரண்டு வீடுகளில் பற்பசை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆய்வகமொன்றின் நுண்ணுயிரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அச்செய்தி சொல்லாமல் விட்டதை எழுத விரும்புகிறேன்.

செய்தி பொய்யன்று. 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா, நாம் உண்ணும் சர்க்கரையைக் கொண்டு பசைபோன்ற குளுக்கானைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதே சர்க்கரையை அமிலமாகவும் மாற்றுகிறது. பல்லின் மேலுள்ள படிவத்தில் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும். கொய்யா இலையிலுள்ள குவர்செட்டின் வகைப் பொருள்களும் வெற்றிலையிலுள்ள ஹைட்ராக்ஸிசவிகாலும் இந்தப் பாக்டீரியாவை ஆய்வகத்தில் அடக்குவது உண்மையே.

ஆனால் அந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாக்டீரியா வளர்வதற்கான அகார் என்னும் கூழை ஊற்றி உறையவைத்த தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சிறு குழிகள் வெட்டி, அவற்றில் சாற்றை நிரப்பி, 37 டிகிரி செல்சியஸில் ஒருநாளோ இரண்டு நாளோ வைத்திருந்து, குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் தெளிந்து நிற்கும் வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்போம். அந்தச் சாறு பெரும்பாலும் அம்மியில் அரைத்துப் பிழிந்ததன்று. உலர்ந்த இலைப்பொடியை எத்தனால் என்னும் சாராயத்தில் ஊறவைத்து வடித்து, வற்றச்செய்து எடுத்த செறிவு. அதில் எஞ்சியிருக்கக்கூடிய எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால், வெறும் எத்தனால் ஊற்றிய குழியொன்றும் அதே தட்டில் இருந்தாக வேண்டும். அது இல்லாத ஆய்வின் வட்டத்தை நான் நம்பமாட்டேன். வட்டம் பெரிதாக இருப்பதாலேயே சாறு வலிமையானது என்றும் ஆகிவிடாது, ஏனெனில் அகாரில் எளிதாகப் பரவும் பொருளுக்குப் பெரிய வட்டமே வரும்.

வாயோ தட்டைப் போன்றதன்று. தட்டில் ஒரு நாள் முழுக்க அசையாமல் நிற்கும் சாறு, வாயில் சில நிமிடங்களில் உமிழ்நீரோடு இறங்கிவிடும். அங்குள்ள பாக்டீரியாவும் பசைப்படலத்துக்குள் புதைந்து கிடப்பதால் மருந்து எளிதில் எட்டாது. இத்தகைய ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு வைக்கப்படும் குளோர்ஹெக்ஸிடின் என்னும் வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினி பல்லிலும் ஈறிலும் ஒட்டிப் பல மணி நேரம் நின்று வேலை செய்கிறது. நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை படிவதும் நாவின் சுவை மாறுவதும் அதன் குறைகள். ஆகவே இலைகளில் மாற்றுத் தேடுவது வீண்வேலை என்று நான் சொல்லவரவில்லை.

“ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று எனக்குப் பதில் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அந்த வேல் வேம்பன்று, வேலமரம். மும்பை ரயில் நிலையங்களின் வெளியே கட்டுக்கட்டாக விற்கும், பல் துலக்கும் தாத்துன் குச்சிகளில் அதுவும் உண்டு. முன்னோர் சாற்றைக் கொப்பளித்ததோடு நிற்கவில்லை. குச்சியை மென்று நாராக்கிப் பல்லைத் தேய்த்தார்கள், படலத்தைப் பெயர்த்தது அந்தத் தேய்ப்பு. கரையத் தொடங்கிய எனாமலில் தாதுக்கள் மீண்டும் படியத் துணைசெய்யும் ஃபுளோரைடு அவர்களிடம் இல்லை. நமக்கு அது பற்பசையில் கிடைக்கிறது. வெற்றிலைக்குப் புகழ் வந்துவிட்டதென்று பாக்கையும் சேர்த்து மெல்லத் தொடங்குபவர்களுக்கு ஒரு சொல்: பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடுகையில், சோதனை தட்டில் நடந்ததா மனிதர் வாயில் நடந்ததா, சாறு எதில் வடிக்கப்பட்டது, எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
தாராவி, மும்பை.