வெளிவேலைக்கென்று விற்ற போன் கவர்: ஒரு முறைப்பாடு

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
25.08.2025

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: வெளிவேலைக்கான போன் கவர் உடைந்ததும், பெட்டியில் எழுதியிருந்தது பிழையாகப் போனதும்

கடந்த மே மாதம் 6 ஆம் திகதி கிளிநொச்சி நகரில் ஒரு கடையில் தங்கள் நிறுவனத்தின் தடித்த போன் கவர் ஒன்றை 4,850 ரூபா கொடுத்து வாங்கினேன். ஓகஸ்ட் 2 ஆம் திகதி, அந்தக் கவருக்குள் இருந்தபடியே என் போனின் திரை உடைந்தது. உங்கள் சேவை இலக்கத்துக்கு இரண்டு தடவை அழைத்துச் சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

நான் நீர்ப்பம்பியும் மோட்டரும் திருத்துகிறவன். வீடு வட்டக்கச்சியில். வேலைக்கு ஓர் இடம் என்றில்லை. இன்றைக்கு இராமநாதபுரத்தில் ஒரு தோட்டக்கிணறு என்றால் நாளைக்கு விசுவமடுவில் குழாய்க்கிணறு, அடுத்த நாள் ஒட்டுசுட்டானுக்கும் அப்பால். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் வராது. தண்ணீர் கிடைக்காதவர்கள் கிணற்றை நம்பித்தான் மிளகாயும் கச்சானும் வைத்திருப்பார்கள். சோளகக் காற்று அடிக்கிற அந்த மாதங்களில் ஒரு பம்பி இரண்டு நாள் நின்றால் பயிர் சுருண்டுவிடும். ஆகவே அழைப்பு வந்தால் உடனே எடுக்க வேண்டும், உடனே போக வேண்டும். பழுதான பாகத்தைப் படம் பிடித்து நகரத்துக் கடைக்கு அனுப்புவதும், ஆட்களின் காணிக்கு வழி பார்ப்பதும், கூலி வாங்குவதும் இந்தப் போனில்தான். ஆயுதப் பெட்டியில் குறடும் சாவியும் எப்படியோ, போனும் எனக்கு அப்படி ஒரு ஆயுதம்.

அதனால்தான் கவர் வாங்கப் போனபோது அவசரப்படவில்லை. கடையில் மூன்று கவர்கள் எடுத்துப் பார்த்தேன். ஒன்று மெல்லிய இறப்பர், 900 ரூபா. அடுத்தது நடுத்தரம். மூன்றாவது உங்களுடையது. உங்கள் பெட்டியில் ஒரு ஆள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கல்லுக் குவாரியில் நிற்கிற படம் இருந்தது. பக்கத்தில் "மில்-எஸ்டிடி-810ஜி", கீழே "ஐபி 68", அதற்கும் கீழே "கட்டட வேலை, விவசாயம், வெளிக்களப் பணிகளுக்கு" என்று அச்சடித்திருந்தது. கடைத் தம்பி, "அண்ணை, இது ஆமிக்காரர் பாவிக்கிற தரம். மேல இருந்து போட்டாலும் ஒண்டும் ஆகாது" என்றான். அவனில் எனக்குக் கோபம் இல்லை. பெட்டியில் இருந்ததைத்தான் அவனும் சொன்னான். அந்த எழுத்தை நம்பித்தான் 900 ரூபாக் கவரை வைத்துவிட்டு 4,850 ரூபாக் கவரை எடுத்தேன்.

முதல் மூன்று கிழமை நல்லபடியாகப் போனது. கையில் பிடிக்க இறுக்கமாக இருந்தது, எண்ணெய்க் கையிலும் வழுக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நான்காவது கிழமை சார்ஜ் துளையை மூடுகிற சின்ன மூடி கிழிந்து வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் திறந்து மூடுகிற இடம் அது. நூல் தடிப்பில் ஒரு இறப்பர் நாக்கில்தான் அந்த மூடி தொங்குகிறது. மூடி போனபின் உள்ளே புழுதி அடைந்து, வயரைச் செருகினால் சில நேரம் சார்ஜ் ஏறும், சில நேரம் ஏறாது. ஊசியால் கிண்டித் துப்புரவாக்கித்தான் பாவித்தேன்.

அடுத்தது பின்பக்கத்து வளையம். நிறுத்தி வைக்கவும் வாகனத்தில் ஒட்டவும் என்று அதற்குள் காந்தம் வைத்திருக்கிறீர்கள். ஒரு அலுவலக மேசையில் அது வசதியாக இருக்கலாம். ஆனால் நான் இரும்பு அராவுகிற ஆள். அராவிய தூள், துளை போட்ட சுருள், எல்லாம் அந்த வளையத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். துடைக்கத் துடைக்கப் போகாது. அந்தத் தூள் கமரா வில்லையில் உரசி இப்போது மூன்று கீறல். வழி பார்க்கும்போது வரைபடத்தில் அம்புக்குறி வேறு திசைக்குத் திரும்பி நிற்கும். போனுக்குள் இருக்கிற திசைகாட்டி பூமியின் காந்தப்புலத்தை வைத்து வேலை செய்வது, அதற்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தை ஒட்டினால் அது குழம்பத்தான் செய்யும். விவசாயத்துக்கும் கட்டட வேலைக்கும் என்று விற்கிற கவரில் இதை யோசித்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இவற்றை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஓகஸ்ட் 2 ஆம் திகதி நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கு முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு காணியில் வேலை. பம்பியின் அடிவால்வைக் கழற்றக் குனிந்தபோது சேட்டுப் பொக்கற்றில் இருந்த போன் கிணற்றுக்கட்டின் சீமெந்துத் தளத்தில் விழுந்தது. என் நெஞ்சு உயரம்கூட இல்லை. குனிந்து நின்றதால் மூன்று அடிக்கும் குறைவு. மூலை அடிபட்டது. கவரின் வெளி ஓடு அந்த மூலையில் பிளந்து கழன்றது. திரையில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. வெளிச்சம் வருகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை. அழைப்பு வந்தாலும் எடுக்க முடியாது.

வேலை முடிந்து திரும்பும்போது பொழுது பட்டுவிட்டது. ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வருகிற ஏ34 வீதியில் காட்டோரமாக என் மோட்டர் சைக்கிளின் பின் சில்லுக் காற்றுப் போனது. அந்தப் பகுதியில் யானை குறுக்கிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குச் சொல்லவோ, தெரிந்த ஒருவரைக் கூப்பிடவோ வழியில்லை. போனில் ரோச் போடக்கூட முடியவில்லை. முக்கால் மணித்தியாலம் இருட்டில் நின்றேன். ஒரு மணல் லொறிக்காரர் நிறுத்தி, சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து மாங்குளத்தில் விட்டார். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் எனக்கு எத்தனை தடவை அழைத்திருந்தார்கள் என்பது திரை மாற்றிய பிறகுதான் தெரிந்தது. பதினேழு தடவை.

திரை மாற்ற 18,500 ரூபா. அந்த மூன்று நாளில் எனக்கு வந்து தவறிய வேலைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓகஸ்ட் 4 ஆம் திகதி உங்கள் சேவை இலக்கத்தில் பேசிய தங்கச்சி தமிழில் மரியாதையாகத்தான் பேசினார். "விழுந்து உடைஞ்சால் அது பாவனைப் பிழை அண்ணா, உத்தரவாதத்துக்குள்ள வராது" என்றார். 11 ஆம் திகதி பேசியவரும் அதையே சொன்னார். ஐயா, விழாமல் இருக்கிற போனுக்கு எதற்குக் கவர்? விழும் என்று தெரிந்துதானே நான் இவ்வளவு காசு கொடுத்தேன், விழும் என்று தெரிந்துதானே நீங்களும் பெட்டியில் அந்தத் தரத்தை அச்சடித்தீர்கள்? விழுவதைத் தாங்கும் என்று சொல்லி விற்றுவிட்டு, விழுந்தது உன் பிழை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இதன் பிறகு அந்த எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று நானும் என் மூத்த மகனும் இருந்து தேடி வாசித்தோம். 810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சோதனை முறைகள் அடங்கிய ஆவணம். 'ஜி' பதிப்பு 2008 இல் வந்தது, 2019 இல் 'எச்' பதிப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. சோதித்துப் பார்த்து முத்திரை குத்துகிற அரச அலுவலகம் எதுவும் அதன் பின்னால் இல்லை. உற்பத்தி செய்பவரே ஒரு சோதனையைச் செய்து, தேறியது என்று தானே சொல்லிக்கொள்ளலாம். சோதனைகளும் ஒன்றிரண்டல்ல: வெப்பம், ஈரம், தூசு, அதிர்வு, விழுத்துதல் என்று எத்தனையோ. அவற்றில் எதைச் செய்தீர்கள் என்று உங்கள் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. விழுத்துகிற சோதனையையே எடுத்தாலும், கையில் கொண்டு போகிற சிறிய பொருளை 122 சென்ரிமீற்றர், அதாவது நாலு அடி உயரத்தில் இருந்து 26 தடவை போட வேண்டும்: ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. அந்த 26 தடவையையும் ஒரே பொருளில் போட வேண்டும் என்றும் இல்லை, ஐந்து பொருட்கள் வரை பிரித்துப் போடலாம். விழுகிற தளம் கொங்கிறீற்றின் மேல் வைத்த இரண்டு அங்குலப் பலகை. என் போன் விழுந்தது வெறும் சீமெந்தில். பலகையில் தேறுவது சீமெந்திலும் தேறும் என்று நினைக்க வைத்தது உங்கள் குவாரிப் படம்.

ஐபி 68 இன்னும் மோசம். அதில் முதல் இலக்கமான 6 தூசு அறவே புகாது என்பதைச் சொல்கிறது. 8 என்பது ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் தொடர்ந்து மூழ்கியிருந்தாலும் தாங்கும் என்பது. எத்தனை மீற்றர், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளர்தான் சொல்ல வேண்டும். உங்கள் பெட்டியில் அது இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் இந்தக் கவரில் ஒலிபெருக்கிக்கு ஒரு திறந்த துளை, மைக்குக்கு ஒரு திறந்த துளை, முன்பக்கம் முழுவதும் திறப்பு. மூடாத பொருளுக்குத் தண்ணீர் புகாத இலக்கம் எப்படி வந்தது? வாய்க்காலில் இறங்கி வேலை செய்கிற ஒருவர் இதை நம்பிப் போனைத் தண்ணீரில் விட்டால் அந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு?

உடைந்த கவரை மேசையில் வைத்துப் பிரித்தும் பார்த்தேன். மூலையில் வெளியே இருந்து பார்த்தால் நல்ல தடிப்பு. உள்ளே அந்தத் தடிப்பு முழுவதும் பொலிகாபனேற்று என்கிற கடினமான பிளாஸ்ரிக். மூலையில் அடி விழுந்தால் அதை வாங்கி அமிழ்கிற டிபியு என்கிற இறப்பர் போன்ற மென்மையான பிளாஸ்ரிக் அடுக்கு பக்கச் சுவரில் மட்டும் இருக்கிறது, மூலைக்கு வரவில்லை. காற்று இடைவெளியும் விடவில்லை. அடிபடாத பக்கச் சுவரை மெத்தையாக்கி, அடிபடுகிற மூலையைக் கல்லாக்கி வைத்திருக்கிறீர்கள். பிறகு திரையைச் சுற்றி எழும்பி நிற்கிற விளிம்பை வேணியர் இடுக்கியால் அளந்தேன்: 0.4 மில்லிமீற்றர். திரைக்கு ஒட்டுகிற கண்ணாடியே பொதுவாக 0.33 மில்லிமீற்றர் தடிப்பு, பசையும் சேர்ந்தால் விளிம்புக்குச் சரிசமனாக வந்துவிடும். குப்புற விழுந்தால் கண்ணாடிதான் முதலில் நிலத்தைத் தொடும். இதற்கு நிபுணர் தேவையில்லை. செய்யும்போது யாராவது ஒருவர் அளந்து பார்த்திருந்தால் போதும்.

ஒரு விடயத்தில் உங்களைக் குறை சொல்லவில்லை. மதிய வெயிலில் போன் சூடாகி இரண்டு தடவை தானாக நின்றது. தடித்த கவர் எதைப் போட்டாலும் வெப்பம் உள்ளே தங்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் வெயிலில் சார்ஜ் போடும்போது கவரைக் கழற்றுங்கள் என்று ஒரு வரி துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கலாம். துண்டுப் பிரசுரத்தில் தமிழே இல்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் விற்கிற பொருளில், உத்தரவாத நிபந்தனைகளாவது தமிழில் இருக்க வேண்டாமா? விழுந்தால் உத்தரவாதம் இல்லை என்பதைக் கடையில் வைத்தே நான் வாசித்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

இப்போது நான் போட்டிருப்பது அன்றைக்குக் கடையில் வைத்துவிட்டு வந்த அந்த 900 ரூபாக் கவர். மூலை நான்கும் கொஞ்சம் புடைத்து, உள்ளே வெறுமையாக, அமர்த்தினால் அமிழ்கிறது. விளிம்பு 1.2 மில்லிமீற்றர். பெட்டியில் எந்தத் தரமும் எழுதியிருக்கவில்லை. நேற்று முன்தினம் மோட்டர் சைக்கிள் இருக்கையில் இருந்து கிரவல் வீதியில் விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை.

நான் கேட்பது இதுதான். கவரின் விலை 4,850 ரூபாவையும், திரை மாற்றிய 18,500 ரூபாவையும் தாருங்கள். முழுத் தொகைக்கும் உங்களுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தை எழுத்தில், தமிழில் தாருங்கள், தொலைபேசியில் வேண்டாம். அந்தப் பெட்டியில் இருந்து ஐபி 68 ஐ எடுத்துவிடுங்கள். 810 ஐ வைத்திருப்பதானால் எந்தச் சோதனை, எத்தனை அடி, எந்தத் தளம், எந்தப் போனை உள்ளே வைத்து என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். காந்தம் இருக்கிறது என்பதைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே போடுங்கள். இங்கே மேசன் வேலைக்குப் போகிறவர்கள், உழவு இயந்திரம் ஓட்டுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் ஒரு நாள் கூலியை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதே கடையில் இன்றும் அதே பெட்டி தொங்குகிறது.

நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரம் செய்வதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதன் பிரதியை அந்த அதிகாரசபைக்கு அனுப்புவேன். முதலில் உங்களிடம் பேசி முடிக்கத்தான் விரும்புகிறேன்.

பற்றுச்சீட்டு, திரை மாற்றிய கடைச் சிட்டை, பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், பிளந்த மூலையின் படம், விளிம்பை அளந்த படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். உடைந்த கவரும் மூடியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆட்கள் பார்க்க வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன், அல்லது வட்டக்கச்சிக்கு வந்தாலும் காட்டுகிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
நீர்ப்பம்பி திருத்துநர்,
வட்டக்கச்சி.